மருமகனுக்குப் பழஞ்சோறு

ஜவுபருக்கு ஊர் வைத்த பெயர் 'ஒத்தக்கை'. கைகள் இரண்டும் அவருக்கு நன்றாகவே இருந்தன. கல்முனை பஸாரில் தையற்கடை வைத்திருந்தார். சூறாவளி அடித்த வருஷத்து நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள், தைத்துக் களைத்து, ஒரு சேட்டுச் சட்டைக்கு ஒரு கையை மட்டும் பொருத்திவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிட்டார். சேட்டுக்குச் சொந்தக்காரன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. விடிந்ததும் அதையே போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு வந்தான். ஒரு பக்கம் மணிக்கட்டு வரை துணி, மறுபக்கம் தோள்வரை வெறும் கை. பெருநாள் தொழுகையின் முதல் வரிசையில் நின்றுகொண்டான்.

அதற்கு முன்பும் ஒரு கதை உண்டு. கொழும்பில் பெரிய தையற்கடை ஒன்றில் வேலை பழகப் போன ஜவுபர், முதல் சம்பளம் எடுக்குமுன் பெட்டியோடு திரும்பி வந்திருந்தார். தொடங்கினதை முடிக்காத ஆள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடும் வளவும் பெண்ணுக்குரியவை. போகிறவர் பெட்டியோடு தன் பட்டப்பெயரையும் கொண்டுபோவார். எழுபத்தொன்பதாம் ஆண்டுத் தொடக்கத்தில் நற்பிட்டிமுனை முனவ்வறாவை ஜவுபர் கல்யாணம் முடித்தார். ஒரு மாதத்துக்குள் அந்த வீட்டுக்கு 'ஒத்தக்கைட ஊடு' என்று பெயர் வந்தது. ரொட்டி விற்க வருகிற பாண்காரனே அப்படித்தான் அடையாளம் சொன்னான். முனவ்வறாவின் உம்மா சபியா உம்மா அதைத் தன் காதால் கேட்டா. அவ விதவை. வயலைக் குத்தகைக்குக் கொடுத்து மானமாக வாழ்ந்தவ. நேரே உள்ளே போய் மருமகனுக்குச் சமைக்கத் தொடங்கினா.

அந்த வீட்டில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. அது வழக்கம். சபியா உம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, "முனவ்வறா, கறி காணுமா எண்டு கேளு புள்ள" என்பா. ஆறடிக்கு அப்பால் பாயில் இருக்கும் ஜவுபருக்கு அது நன்றாகக் கேட்கும். முனவ்வறா அதையே திரும்பக் கேட்பாள். "காணும் எண்டு செல்லு" என்பார் அவர். அதுவும் கதவுக்குப் பின்னால் கேட்கும். ஆனாலும் முனவ்வறா போய்ச் சொல்லுவாள்.

சூறாவளி ஊர் ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்று வாட்டின் கூரையையும் கொண்டுபோயிருந்தது. படங்குதான் கட்டியிருந்தார்கள். மழை பெய்தால் ஒரு தாதி பிள்ளையை வாங்குவா, மற்றத் தாதி குடை பிடிப்பா. மாரிக்குமுன் தகரம் போட வேண்டுமென்று விளையாட்டுக் கழகம் ஒரு யோசனை எடுத்தது. கொழும்பு வரை சைக்கிளில் போவது, வழியிலுள்ள ஊர்களில் நின்று உதவி திரட்டுவது. கழகச் செயலாளர் ஷரிபுதீன் ஆள் சேர்க்கப் பஸாருக்கு வந்தார்.

"ஒரே இடத்துல இருந்து எத்தின வருஷமா மெஷின் மிதிக்கிறாய். இனிக் கொஞ்சம் நகர்ந்து பாரன்" என்றார் ஜவுபரிடம்.

"எங்க வரைக்கும்?"

"கொழும்புக்கு. நீ போய்ப் பாதியில வந்த ஊருதான். வழி தெரியும்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஜவுபர் மெஷினை நிறுத்தாமலே, "என்ட பேரையும் போடு" என்றார்.

ஷரிபுதீன் பகிடிக்குத்தான் கேட்டிருந்தார். போட்ட பெயரை எடுக்கவும் முடியாது. அதனால் கழகம் ஒரு விதி வைத்தது. அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பொத்துவிலுக்கு மிதித்து, அன்றே பொழுது பட்டு மஃரிபு பாங்கு சொல்லுமுன் கல்முனைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாதவருக்குக் கொழும்பு இல்லை. "பாதி வழியில ஆளை லொறியில ஏத்தி ஊர்ட மானத்தை வாங்க ஏலா" என்றார் ஷரிபுதீன், ஜவுபரைப் பார்க்காமல்.

கல்யாணத்துக்கு மாமி வீட்டார் கொடுத்த ரலி சைக்கிள் ஒன்று இருந்தது. காலையில் கடற்கரை ரோட்டால் தெற்கே போவார். பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு, காரைதீவுச் சந்தியால் திரும்பிச் சம்மாந்துறைப் பக்கம் போவார். அந்த நேரத்தில் கச்சான் காற்று வயல்வெளியால் நெருப்பாக வந்து முகத்தில் அறையும். இறங்கி உருட்டுவதே சுகம் என்று தோன்றும். காற்றோடு மல்லுக்கட்ட அவர் பழகிக்கொண்டார். சாப்பாட்டோடுதான் முடியவில்லை.

சுபஹு தொழுது வரும்போதே பாயில் எல்லாம் விரிந்திருக்கும். பிட்டு, ஆட்டிறைச்சிக் கறி, பொரித்த முட்டை. அதற்குமேல் எருமைத் தயிரும் சீனியும். புதுமாப்பிள்ளை மிச்சம் வைத்தால் சமைத்தவவுக்கு இழுக்கு. எல்லாவற்றையும் தின்றுவிட்டு ஏறிப்போனவர் காரைதீவு மதகடியில் இறங்கி எல்லாவற்றையும் சத்தி எடுத்தார். அடுத்த நாளும் அதே மதகுதான்.

"நாளைக்கு எனக்குக் காலச் சாப்பாடு வேணாமெண்டு செல்லு" என்றார் முனவ்வறாவிடம்.

முனவ்வறா குசினிக்குப் போய், "உம்மா, கொஞ்சம் குறைச்சா நல்லமாம்" என்றாள்.

"ஏன், ருசியில்லியாமா?"

முனவ்வறா திரும்பி வந்தாள். "கறி நல்லமெண்டு ஒரு வார்த்தை செல்லுங்க. உம்மாட முகம் சுருங்கிட்டு."

"நல்லம்" என்றார் ஜவுபர்.

மறுநாள் முட்டை இரண்டானது.

ஆனால் ஆள் மெலிந்துகொண்டே போனார், வெயிலில் கறுத்தும் போனார். பக்கத்து வீட்டு ஹாஜறா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா சபியா, மருமகன் வத்திப் போயிட்டாரே. சோறு போடுறல்லியா?" என்று கேட்டா. சபியா உம்மாவின் நெஞ்சில் அது முள்ளாக ஏறியது. அடுத்த நாள் ஈரலும் சேர்ந்தது.

ஒரு நாள் ஜவுபர் எல்லோருக்கும் முன்னால் எழும்பிக் குசினிக்குள் போனார். மூலையில், வீட்டுப் பெண்கள் தங்களுக்கென்று முதல்நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த சட்டி இருந்தது. மருதமுனையில் தன் உம்மா வீட்டில் அதைத் தின்றுதான் வளர்ந்தவர். மாமி வீட்டில் மருமகனுக்குப் பழஞ்சோறு வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. உப்புப் போட்டுப் பிசைந்து, ஒரு பச்சைக் கொச்சிக்காயைக் கடித்துக்கொண்டு இரண்டு கோப்பை தின்றார். விரித்து வைத்ததை அன்று தொடவில்லை, சுணங்கிவிட்டது என்று ஓடிவிட்டார். அக்கரைப்பற்றுக்குப் போய் இறங்காமலே திரும்பினார். மதகு தன்பாட்டில் கடந்துபோனது.

மறுநாளும் அப்படியே. சட்டியில் சோறு குறைவதைக் கண்ட சபியா உம்மா பூனை என்று நினைத்து, மூடிக்கு மேல் ஒரு கல்லை வைத்தா. காலையில் கல் இருந்தது, சோறு இல்லை. "கல்லைத் தூக்கி மறுகா இருந்த இடத்துல வெக்கிற பூனை எந்த ஊருப் பூனை?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டு, அடுத்த நாள் வெள்ளென எழும்பிக் குசினிக்கு வந்தா.

மருமகனின் கை சட்டிக்குள் இருந்தது.

முனவ்வறா நல்ல நித்திரை. நடுவில் நின்று சொல் கொண்டுபோக ஆளில்லை. சபியா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டா. போய்விடுவா என்றுதான் ஜவுபர் நினைத்தார்.

"மருமகன், இந்த ஊட்டுல உங்களுக்கு என்ன குறை?"

அவரிடம் அவ பேசிய முதல் பேச்சு அது.

"குறை ஒண்டுமில்ல மாமி. இதைத் திண்டா ஓட ஏலுது. மத்ததைத் திண்டா காரைதீவு மதகடியில சத்தி வருது."

"என்ட இறைச்சிக் கறியா?"

"ஓம் மாமி."

சபியா உம்மா தேங்காய் துருவலையில் உட்கார்ந்தா.

"பொத்துவிலுக்குப் போய் வந்தா அந்தப் பேரு போகுமா?"

"தெரியா மாமி. போகாட்டி இந்த ஊட்டோடயே ஒட்டிரும்."

அவ எழும்பி, கூடையிலிருந்து சின்ன வெங்காயம் எடுத்து உரித்து அவர் பக்கத்தில் வைத்தா. "ஆருக்கும் தெரியப்படா. மருமகனுக்குப் பழஞ்சோறு போட்ட ஊடு எண்டு பேரு வந்தா, ஒத்தக்கையே பரவாயில்ல எண்டு போயிரும்."

அன்றிலிருந்து இரவில் ஒரு சுண்டு அரிசி கூடுதலாக உலையில் விழுந்தது. ஆனால் காலையில் இறைச்சி பொரிகிற வாசம் ஹாஜறாவின் வேலியைத் தாண்டிப் போவது நிற்கவில்லை. மருமகன் ஒரு மூலையில் பழஞ்சோறு தின்பார், மகள் இறைச்சி தின்பாள். அந்த மாதம் உடம்பு பூசியது முனவ்வறாதான்.

சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் பொத்துவிலில் இருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். சபியா உம்மாவின் தங்கை லைலாவின் வீடு பொத்துவில் ரோட்டோரத்தில். புதுமாப்பிள்ளை முதன்முதலாக அந்த ஊருக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டு, கோழியும் புரியாணியும் வட்டிலாப்பமும் ஏற்பாடாம்.

"போகாம வந்தா என்ன?" என்றார் ஜவுபர்.

"வாசலால போய் ஏறாம வந்தா, லைலா சாச்சி நாங்க செத்தாலும் மையத்துப் பாக்க வரமாட்டா" என்றாள் முனவ்வறா.

சாப்பிட்டால் திரும்பும் வழியில் கோமாரி மணலில் விழுந்து கிடக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சுபஹு முடிய ஐந்து பேர் புறப்பட்டார்கள். திருக்கோவில், வினாயகபுரம் கடந்து கோமாரிக்குப் போகும்போது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. பொத்துவிலில் ரோட்டோரத்து வேம்பின் கீழ் ஒரு கூட்டம் நிற்பதை ஜவுபர் தூரத்திலேயே கண்டார். லைலா சாச்சி, அவ வீட்டார், பஸ்ஸில் துணைக்கு வந்த ஹாஜறா குடையோடு. எல்லோருக்கும் முன்னால், முதல் பஸ்ஸில் வந்திறங்கிய சபியா உம்மா, கையில் மூடி போட்ட அலுமினியச் சட்டியோடு.

"மருமகன், இறங்கி ஊட்டுக்கு வாங்க. சஹன்ல சோறு வெச்சிட்டம்" என்றா லைலா.

"உடு லைலா. அவர் ஓட வந்தவர்" என்றா சபியா உம்மா.

"என்ன ராத்தா செல்றீங்க? முதல் முதலா வாற மாப்பிள."

சபியா உம்மா சட்டியைத் திறந்தா. புளித்த சோற்றின் வாசம் எழும்பியது. லைலா வாயில் கைவைத்தா. "அல்லாஹ்வே, மருமகனுக்குப் பழஞ்சோறா?"

ஹாஜறாவின் குடை ஒரு பக்கம் சரிந்தது. முன்னால் போயிருந்த ஷரிபுதீனும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம், பழஞ்சோறுதான்" என்றா சபியா உம்மா, ரோட்டுக்கே கேட்க. "எங்கட மருமகன் இதைத் திண்டுதான் இவ்வளவு தூரம் மிதிச்சி வந்திரிக்காரு. இதைத் திண்டுதான் திரும்பியும் போவாரு." சட்டியை அவரின் கையிலேயே கொடுத்தா.

ஜவுபர் நின்றபடி ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றார். லைலா கண்கலங்கி நின்றா. "கோழி பழுதாப் போகா. நானும் ஹாஜறாவும் திண்டு முடிக்கம்" என்றா சபியா உம்மா.

திரும்பும் வழியில் ஒருவர் தம்பிலுவிலோடு நின்றுவிட்டார். அட்டாளைச்சேனைக்கு இப்பால் ஜவுபரின் கெண்டைக்கால் இறுகியது. இறங்கி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். கல்முனைக்குப் போகிற நெல் லொறி ஒன்று நின்றது. சாரதி தெரிந்தவர்.

"ஏறுங்க ஜவுபர். ஊருக்குள்ள போகமுன்னம் இறக்கி உடுறன். ஆரும் பாக்கப்போறல்ல."

ஜவுபர் காலை நீவிக்கொண்டே லொறியைப் பார்த்தார். பின்பக்கம் சைக்கிள் போட இடமும் இருந்தது.

"நீங்க போங்க. எனக்கு இன்னும் ஒரு கை பொருத்தக் கிடக்கு."

சாரதிக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. விளங்கியதும் சிரித்துவிட்டுப் போனார். ஜவுபர் ஏறி மிதித்தார். நிந்தவூரில் பொத்துவில் பஸ் அவரைக் கடந்தது. யன்னலோரம் மாமி. ஹாஜறா என்னவெல்லாமோ கத்தினா. சபியா உம்மா ஒரு சொல்தான் சொன்னா: "மிதிங்க."

கல்முனைச் சந்திக்கு அவர் வந்து இறங்கியபோது வயல் பக்கத்தில் சூரியன் இன்னும் ஒரு பனை உயரத்தில் நின்றது. ஷரிபுதீன் வந்து சைக்கிளை வாங்கிப் பிடித்தார், "கொழும்பு வழி தெரியும்தானே" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் நான்கு பேர் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஜவுபரும் ஒருவர். தகரம் வரச் சுணங்கியதால் மாரி தொடங்கியும் இரண்டு கிழமை தாதிமார் குடை பிடிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு பிடிக்கவில்லை.

ஊர் பட்டப்பெயரை லேசில் கைவிடாது, மாற்றத்தான் செய்யும். வேம்படியில் நடந்ததை ஹாஜறா வீடு வீடாகச் சொல்லி முடித்தபோது ஒத்தக்கை மறைந்து 'பழஞ்சோத்து மாப்பிள' வந்திருந்தது. சபியா உம்மா பயந்த பெயர் அதுதான். அடுத்த வருஷம் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு எப்படி வருவதென்று பஸாரில் வைத்து அவவிடம் கேட்டார்.

"நற்பிட்டிமுனையில இறங்கிப் பழஞ்சோத்து ஊடு எதெண்டு கேளுங்க" என்றா. "ஆரும் காட்டுவாங்க."