புள்ளி மூன்று ஓம்

மின்கம்பிச் சுருளை, அதாவது காயிலை, அளப்பவர்களுக்குப் புள்ளிக்கு முன்னால் நிற்கும் எண்ணைப் பற்றிக் கவலையே கிடையாது. தூக்கத்தைக் கெடுப்பதெல்லாம் புள்ளிக்குப் பின்னால் வருகிற ஒற்றை எண்தான். என்னைப் போலவே மீட்டர் முன்னால் உட்கார்ந்து நகம் கடிக்கும் சக ஜீவன்களுக்கு இது புரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை எங்களுடையது. காரில் வைத்துக் குழந்தைக்குப் பால் சூடாக்கும் சின்ன ஹீட்டருக்குக் காயில் சுற்றுகிறோம். ஒவ்வொன்றின் மின்தடையும் 2.4 ஓம் இருக்க வேண்டும். குறைந்தால் சூடு ஏறிவிடும். என்னை டெஸ்டிங்கில் மூன்று மாதம் வைத்துப் பார்ப்பார்கள், தேறினால் பெர்மனன்ட். ஒன்றரை வயதுப் பெண்ணைக் கொரட்டூரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வருபவளுக்கு அது எவ்வளவு பெரிய சொல் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆறுவதற்குள் அவசரம்

முதல் நாள். சூடேற்றிப் பார்த்துவிட்டு இறக்கிய காயில்களை, ஆறும்வரை காத்திருக்காமல் அளந்தேன்; சூட்டில் கம்பியின் ஓம் கூடும் என்று அப்போது தெரியாது. எல்லாம் 2.6, 2.6 என்று காட்டின. ஒரு தட்டு முழுவதையும் சிவப்பு மையால் 'ரிஜெக்ட்' என்று எழுதி ஒதுக்கிவிட்டு, கடமையைச் செய்த பெருமையில் நிமிர்ந்தேன்.

அவற்றைச் சுற்றியவர் தேவகி அக்கா. திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருபவர், பத்து வருட அனுபவம். தட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஏம்மா, ஜொரத்துல கீற கொயந்தய தொட்டுப் பாத்துட்டு, பொறந்ததே இப்டித்தான்னு எய்திடுவியா?"

நடனமாடும் எண்

இரண்டாவது வாரம் மீட்டருக்குப் பேய் பிடித்தது. ஒரே காயில்தான். 2.4 என்றது, 3.1 என்றது, மறுபடி 2.7 என்றது. கை வைத்தால் ஒன்று, எடுத்தால் ஒன்று. கான்வென்ட்டில் பரீட்சை அன்று சொன்ன ப்ரேயர் தன்னாலே வாயில் வந்துவிட்டது. கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தால் சூப்பர்வைசர் செல்வம் சார் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கிறார். காயிலைப் பிடித்திருந்த ஸ்டாண்டின் திருகு லூஸாக ஆடிக்கொண்டிருந்தது. "ப்ரேயர் முடிஞ்சுதுன்னா திருகைக் கொஞ்சம் இறுக்குங்க மேடம்."

காலேஜ் ப்ராஜெக்ட்

வேலப்பன்சாவடி காலேஜில் படிப்பதாகச் சொல்லி ஒருவன் வந்தான். உள்ளங்கையில் அவனே சுற்றிய காயில், கொசு அளவு. 0.5 ஓம் வர வேண்டுமாம், அவன் மீட்டரில் 0.8 காட்டுகிறதாம். "மீட்டர் வயருக்கே கொஞ்சம் ஓம் உண்டுப்பா. ரெண்டு முனையையும் ஒன்னோட ஒன்னு தொடவச்சா என்ன வருதோ, அதைக் கழிச்சிடணும்" என்று டீச்சர் தோரணையில் எடுத்துவிட்டேன்.

தேவகி அக்கா எழுந்து வந்தார். "இன்னா ப்ராஜெக்ட்டு நைனா? வாயில வச்சு இசுத்தா பொக வருமே, அந்த ப்ராஜெக்ட்டா?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. இ-சிகரெட், தடை செய்த சாமான். போலீஸ், கோர்ட், பேப்பரில் என் போட்டோ என்று மனசு ஓடியது. அவனோ என்னைவிட அதிகமாக வெளிறி, காயிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, எனக்கு யாரென்றே தெரியாத ஒருவரைப் பற்றிக் கெஞ்சினான். "எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க ஆன்ட்டி."

மாற்றிய வயர்

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம். எங்கள் மீட்டர் வயருக்கு 0.2 கழிக்க வேண்டும். காலையில் தொடவைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு வயர் அறுந்தது. புது வயர் மாட்டினேன். பழக்க தோஷத்தில் அதே 0.2-ஐக் கழித்துக்கொண்டே போனேன். எல்லாம் 2.7 என்று வந்தது. தேவகி அக்காவிடம், "அதிகமா இருக்கு, மூணு சுத்து குறைங்க" என்றேன். "எப்பவும் இருவத்தினாலு சுத்துதானே?" என்றார். மீட்டர் பொய் சொல்லாது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா இரண்டு முனையையும் தொடவைத்தேன். 0.5. ஒவ்வொன்றிலும் 0.3 குறைவாகக் கழித்திருக்கிறேன். பத்து மணியிலிருந்து நான் 'ஓகே' போட்ட நூற்று நாற்பது காயிலும் 2.1தான். சூடு மிஞ்சும். பெட்டிகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது, அடுத்த வாரம் நான் பெர்மனன்ட். என் பெண் பால் பாட்டிலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் குடிப்பாள். யார் வீட்டுக் குழந்தையும் அப்படித்தானே குடிக்கும்?

செல்வம் சாரிடம் போய்ச் சொன்னேன். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஓடிப்போய் வண்டியை நிறுத்தினார். வெட்டிய கம்பி ஒட்டாது; நூற்று நாற்பதும் குப்பை. தேவகி அக்காவின் அரை நாள் உழைப்பு. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. "இவங்களை என்னதான் பண்றது?" என்றார் சார், பொதுவாக. தேவகி அக்கா புதுக் கம்பியை மிஷினில் கோத்துக்கொண்டே சொன்னார். "பயந்தாங்கொள்ளியவே டெஸ்டிங்ல வை சார். தைரியசாலி ஒக்காந்திருந்தா, வண்டி இந்நேரம் பூந்தமல்லிய தாண்டிருக்கும்."

பெர்மனன்ட் இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போயிருக்கிறது. வயரின் ஓமைத் தவறாமல் கழித்துவிடுகிறேன், பயத்தை மட்டும் கழிக்காமலே அளந்துகொண்டிருக்கிறேன்.