ஜுராந்திரின் வலது கையும் லிண்டால்வாவின் இடது கையும்

பிரேசிலின் பெலேமில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிற நாங்கள், ஆளின் பெயருக்கு முன்னால் அவருடைய நாற்காலியைத்தான் தெரிந்துகொள்வோம். ஜுராந்திர் பந்தோஜா எனக்கு எதிர் நாற்காலி. தீவுப் படகுகளில் எஞ்சின் பார்த்தவர். சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு ஆற்றைவிட்டு ஊருக்குள் வந்துவிட்டார். இடது கையில் ஊசிகளோடு சுவரைப் பார்த்தபடி கிடப்பார். பேச்சுக் கொடுத்தால் "ம்" என்பார்.

அவருடைய மகள் கெய்லா ஒருநாள் கையடக்கமான விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அதிலிருந்த எமுலேட்டர் என்கிற மென்பொருள் பழைய விளையாட்டுக் கன்சோல்கள் செய்ததையெல்லாம் அப்படியே செய்தது. இளவயதில் அவர் வாடகைக் கடையில் வரிசையில் நின்று ஆடிய ஆட்டங்கள் அத்தனையும் உள்ளே இருந்தன. யாரோ ஒரு புண்ணியவான் பழைய கால்பந்து ஆட்டம் ஒன்றில் எங்கள் ஊரின் பரம எதிரி அணிகளான ரெமோவையும் பைசண்டுவையும் புகுத்தியிருந்தான். ஜுராந்திருக்கு ரெமோதான் உயிர்.

ஆனால் ஆட இரண்டு கை வேண்டும்; ஊசி குத்திய கையையோ அசைக்கக் கூடாது. இடப்பக்கப் பொத்தான்கள் ஓட, வலப்பக்கப் பொத்தான்கள் உதைக்க. அவர் கருவியை நெஞ்சில் வைத்து அழுத்திப் பார்த்தார். அது வழுக்கி வழுக்கி விழுந்தது. அவருக்கு வலப்பக்கத்து நாற்காலியில் லிண்டால்வா; மரியாதைக்கு 'அம்மா' என்பதுபோல எல்லோரும் டோனா என்போம். பள்ளிக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தவர். அவருக்கு ஊசி வலது கையில்.

"என்ன ஜுரா, நண்டு பிடிக்கிறியா?"

"ஒத்தைக் கையில வேற என்ன டோனா பண்றது?"

"இப்படித் தள்ளு. நீ ஓட்டு, நான் உதைக்கிறேன். நான் பைசண்டுக்காரி, முன்னாடியே சொல்லிட்டேன்."

"கடவுளே! ஊசி பத்தாதுன்னு இது வேறயா!"

நடுவில் ஒரு சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு அதன்மேல் கருவியை வைத்தார்கள். அவருடைய வலது கட்டைவிரல் ஓட்டியது. அந்த அம்மாளின் இடது கட்டைவிரல் உதைத்தது. ஒருநாள் ரெமோ, ஒருநாள் பைசண்டு என்று ஒப்பந்தம். ரெமோ நாளில் பந்து கோல் கம்பத்துக்கு மேலே போனால் தொலைந்தது.

"வேணும்னேதானே மேல அடிச்சீங்க?"

"என் கை நல்லாத்தான் இருக்கு. உன் ரெமோக்காரனுக்குத்தான் கால் கோணல்!"

ரத்த அழுத்தம் ஏறி இயந்திரம் அலறும். செவிலி ஜோசியானி ஓடிவந்து இருவரையும் திட்டுவாள்.

சில மாதங்கள் கழித்து லிண்டால்வாவின் உதை தாமதமாக விழத் தொடங்கியது. ரெமோ நாளில் என்றால் சூழ்ச்சி எனலாம். பைசண்டு நாளிலும் அப்படியே. ஒருமுறை கோல்காப்பாளன் இல்லாத வெற்றுக் கம்பத்துக்கு முன்னால் பந்து நின்றும் அவர் அழுத்தவில்லை. ஜுராந்திர் கோபமாகத் திரும்பினார். அந்த அம்மாளின் கண்கள் திரையில் இல்லை. திரைக்குச் சற்றுத் தள்ளி நின்றன.

"டோனா, எவ்வளவு நாளா இப்படி?"

"மழை பிடிச்சதுலேர்ந்து. சர்க்கரை கண்ணைத் தின்னுடுச்சு. ஏதோ பச்சையா தெரியுது, அவ்வளவுதான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இதை எடுத்து உள்ள வச்சிடுவே. அப்புறம் நான் படுத்துக்கிட்டு என்னத்தைப் பார்க்கிறது?"

ஜுராந்திர் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினார். "ம்" மட்டும் சொல்லத் தெரிந்த மனிதர் வானொலி வர்ணனையாளர் போலப் பேச ஆரம்பித்தார். "வலது ஓரமா வர்றான்... ஒருத்தனைத் தாண்டிட்டான்... இன்னொருத்தன்... இப்போ!" அந்த "இப்போ"வில் லிண்டால்வாவின் விரல் இறங்கும். முதலில் எல்லாம் வீண். போகப் போக, "இப்போ"வை ஒரு மூச்சு முன்னதாகச் சொல்ல ஜுராந்திர் பழகிக்கொண்டார். கூடத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னோம். கோல் விழுந்தால், கைதட்ட முடியாத நாங்கள் எல்லோரும் காலால் தரையைத் தட்டினோம்.

ஒரு திங்கட்கிழமை அந்த ஆட்டத்தில் கோப்பைக்கான இறுதிப் போட்டி. ரெமோவுக்கு எதிராக இவர்கள் பைசண்டுவாக ஆடினார்கள். இடைவேளையில் பைசண்டு ஒரு கோல் முன்னால். அதற்குள் லிண்டால்வாவின் சிகிச்சை முடிந்துவிட்டது. ஜுராந்திர் ஆட்டத்தை அந்த இடத்திலேயே சேமித்தார்.

"புதன்கிழமை வரேன். பயந்து ஒளிஞ்சுக்காதே," என்றார் அந்த அம்மாள்.

செவ்வாய் விடியலில் லிண்டால்வா தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். புதன்கிழமை அவருடைய மகன் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஜோசியானி நாற்காலியைத் துடைத்தாள். அன்றைக்கே அதில் வேறொருவர் உட்கார்ந்தார். அதுதான் வழக்கம். அதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது. மறுநாள் ஜுராந்திர் வீங்கிய கால்களோடு மழையில் கல்லறைக்குப் போனார். புதுமண்ணின்மேல் கிடந்த பைசண்டு கொடி நனைந்து சுருண்டிருந்ததாம். அதை விரித்து, காற்றில் போகாமல் நான்கு பக்கமும் கல் வைத்துவிட்டு வந்ததாகக் கெய்லா சொன்னாள்.

பின்னொரு நாள் நான் கேட்டேன்: "அந்த இறுதிப் போட்டி என்னாச்சு?"

"அப்படியே இருக்கு."

"ஆடி முடிச்சுடேன்பா."

"எதுக்கு? பைசண்டு ஜெயிச்சுக்கிட்டிருக்கு."

ஒரு ரெமோக்காரர் வாயிலிருந்து அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

புதிதாக வந்தவருக்கு இந்த ஆட்டங்களில் நாட்டமில்லை. ஜுராந்திர் இப்போது ஒரு கையால் ஆடக்கூடிய ஏதோ பாம்பு ஆட்டம் ஆடுகிறார். வெறுமனே திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அதையும் வாய்விட்டே சொல்கிறார்: "இடது பக்கம்... மேல... இன்னும் மேல..." சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.