மூன்று மணிக்குக் கட்டிய துண்டு

ஒரு வெள்ளைத் துண்டு என் மேசை இழுப்பறையில் மடித்துக் கிடக்கிறது. நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட சுருக்கம் இன்னும் போகவில்லை. என் மகளின் கம்ப்யூட்டரில் நான் கட்டிய துண்டு அது.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு விசைத்தறிக் கூடம் இருக்கிறது. தறி ஓடினால் ஜன்னல் வழியாகப் பஞ்சு பறந்து வரும். அதனால் எங்கள் தெருவில் டிவி, மிக்ஸி, தையல் மிஷின் எல்லாவற்றின் மேலும் ஒரு துணி கிடக்கும். திறந்து கிடக்கும் பொருளைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

மகள் கம்ப்யூட்டரில் அசையும் படங்கள் செய்யப் பழகியிருந்தாள். சென்னையில் ஒரு நிறுவனம், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஒரு சிறு படம் செய்து அனுப்பினால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. நேரம் போதாது என்று, படத்தை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை விதித்த அளவுக்கு மேல் கூட்டினாள். ஓவர்கிளாக் என்றாள். இருக்கிற வேகம் போதுமே என்றேன். வேகம் கூடவில்லை, முன்பைவிடக் குறைந்தது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். கூட்டியதில் கொஞ்சம் குறைத்தாள், பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினாள், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதினாள். கடைசியில் சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எதிரே டேபிள் ஃபேனை வைத்ததும் வேகம் வந்துவிட்டது.

"சூடு ஏறுனா அது தானாவே வேகத்தக் கொறச்சுக்கிருதுப்பா. அம்புட்டுத்தான் வெசயம்," என்று சிரித்தாள். "அஞ்சு மணிக்கு முடிஞ்சிரும். செத்த நேரம் படுக்கேன். மூடிமட்டும் வச்சிராதீக, ஒங்களுக்குக் கை அரிக்கும்."

மூன்று மணிக்குத் தறி ஓடத் தொடங்கியது. ஃபேன் காற்றில் பஞ்சு நேராகப் பெட்டிக்குள் போவதைப் பார்த்தேன். பொறுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை இரண்டாக மடித்து, திறப்பின் மேல் நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டினேன், ஃபேனையும் சுவர்ப் பக்கம் திருப்பினேன். மூடி வைக்கவில்லை, துணிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இரைச்சல் கூடியது. மும்முரமாக வேலை நடக்கிறது என்று நினைத்தேன்.

ஐந்தரைக்கு அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டு, ஃபேனைப் பழையபடி திருப்பிவிட்டு அவசரமாகத் துண்டை அவிழ்த்தேன். இஸ்திரி போட்ட துணிபோலக் கையில் சுட்டது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்து வந்தவள் திரையைப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. "நாந்தான்பா ரொம்ப முடுக்கிட்டேன்," என்றாள். நான் சொன்னது இன்றும் என் காதில் கேட்கிறது: "அப்பவே சொன்னேன்ல, இருக்குற வேகம் போதும்னு. கேட்டியா நீ?"

இன்னும் இரண்டு மணி நேரம் கேட்டு எழுதினாள். முடியாது என்று பதில் வந்தது. அன்றிரவுக்குப் பிறகு அவள் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் இருக்கிறாள். போனில் நாலு வார்த்தைதான் பேசுவாள்.

போன வாரம் அவள் அறையை ஒழிக்கும்போது அந்த நோட்டு கிடைத்தது. அன்றைய சூட்டின் அளவு, கம்ப்யூட்டர் தானே பதிந்து வைத்ததைப் பார்த்து எழுதியிருக்கிறாள். மூன்று மணிக்கு மேல் கிடுகிடுவென்று ஏறி, ஐந்தரைக்குச் சட்டென்று இறங்குகிறது. மூன்று மணிக்கு நேரே 'அப்பா' என்று எழுதி, ஒரே கோடாக அடித்திருந்தாள். அதன் கீழே, 'காரணம்: வேகம் கூட்டியது'.

நேற்று போனில், "நோட்டப் பாத்தேம்மா," என்றேன்.

"பஞ்சு ரொம்பப் பறந்துச்சாப்பா அன்னைக்கு?"

"ஆமாம்மா."

"சரி. சாப்டீகளா?"

சாப்பிட்டேன் என்றேன். துண்டு கட்டியதைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

பக்கத்தில் தறி ஓடுகிறது. தகடு கழற்றிய பெட்டி அப்படியேதான் இருக்கிறது, உள்ளே பஞ்சு இறங்குகிறது. துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூடவில்லை.