'முடிந்தது' என்று காட்டிய திரை

எண்பதுகளின் கடைசியில் ஹட்டனில் ஒரு தேயிலைத் தோட்ட நிர்வாக அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். தோட்டங்களின் பழைய பிறப்புப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தும் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போடும் சனங்களுக்கு அவைதான் ஆதாரம்.

கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவர் யாழ்ப்பாணத்துக்காரர். பதிவுகளைப் பிளாப்பித் தட்டில் நகலெடுக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிசை, எழுதியிருந்தார். அது வேறொரு புரோகிராமை அழைத்து நகலெடுக்க வைக்கும். எத்தனை பைல் எடுத்தது, எது கிடைக்கவில்லை என்று அந்தப் புரோகிராம் திரையில் வரிவரியாகச் சொல்லும். தோட்ட மேலாளரான பெரிய தொரைக்கு அது பிடிக்கவில்லை. மிஷின் கெட்டுவிட்டதா என்று ஓயாமல் கேட்டார். தொல்லை தாங்காமல் யாழ்ப்பாணத்துக்காரர் அந்த வரிகள் எங்கும் பதியாமல் மறைந்துபோகும்படி ஸ்கிரிப்டை மாற்றினார். கடைசியில் ஸ்கிரிப்ட் தானாக 'முடிந்தது' என்று மட்டும் காட்டும். தினமும் அதைப் பார்த்துவிட்டுப் பிளாப்பியை அவரிடம் கொடுப்பேன். அவர் தான் தங்கியிருந்த அறைக்குக் கொண்டுபோவார்.

இடையில் பைல்களை வேறு டிரெக்டரிக்கு மாற்றினோம். ஸ்கிரிப்ட் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது.

பிறகு வந்த ஒரு கலவரத்தில் அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். கம்ப்யூட்டரும் பழைய பதிவேடுகளும் சாம்பலாயின. பிளாப்பிகள் இருக்கின்றனவே என்று தைரியமாகக் கண்டிக்குப் போய், தெரிந்த அலுவலகமொன்றில் போட்டுப் பார்த்தோம். ஆரம்பத்தில் ஏற்றியவை மட்டும் இருந்தன. மற்றப் பிளாப்பிகள் வெறுமை.

"சேர், தினமும் முடிஞ்சதுன்னுதானே வந்துச்சு?" என்று அவரிடம் கேட்டேன்.

"அது நான் எழுதின சொல்லு, பிள்ளை. அந்தப் புரோகிராம் என்ன சொன்னதெண்டு ஒருத்தரும் கேக்கேல்ல."

மறுவாரம் நோர்வூட் பக்கத் தோட்டத்திலிருந்து கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் எங்கள் தற்காலிக அலுவலகத்துக்கு வந்தார். மகனின் மனுவுக்குத் தன் பிறப்புப் பதிவு வேண்டுமாம். எரிந்துவிட்டது, நகலும் இல்லை என்றேன்.

"எங்கப்பா எங்க தோட்டத்து லயத்து வீட்டுலதாங்க பொறந்தாரு. நானும் அங்கதான். அப்ப நாங்க எங்க பொறந்தோம்னு எழுதுவீங்க?"

சேர் எழுந்துவந்து, "மன்னியுங்கோ அம்மா, பிழை என்னுடையது" என்றார். அந்த அம்மாவுக்கு அது விளங்கவில்லை. வேறு ஜன்னலுக்குப் போக வேண்டுமா என்று கேட்டார்.

அடுத்து வந்த கம்ப்யூட்டருக்குச் சேர் எழுதிய ஸ்கிரிப்ட், அந்தப் புரோகிராம் சொல்வதையெல்லாம் ஒரு பைலில் சேர்த்து, அதில் குறை இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு வரியையும் என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். தேவாலய ஞானஸ்நானப் பதிவுகளிலிருந்து கொஞ்சப் பேருடைய விபரம் திரும்பக் கிடைத்தது. அந்த அம்மா இந்துக் கோயிலுக்குப் போகிறவர். அவருக்கு அந்த வழியும் இல்லை. மகனின் மனு நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்துவிட்டதாக அந்தத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொன்னார்.