புரையேறும்போதெல்லாம்

மாலை நான்கு பத்துக்கு அக்கா மகள் ஜினி நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, அக்கா இறந்துவிட்டாள் என்றாள்.

பேபி அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. அருமனையில் தையல் கடை வைத்திருந்தாள். போன வருடம் லேசான பக்கவாதம் வந்து தேறினாள். அதன்பிறகு சாப்பிட்டாலே இருமல்தான். கஞ்சித் தண்ணீருக்கும் புரையேறும்.

"ஒன் அத்தான் மஸ்கட்ல இருந்து நெனைக்காரு ஏட்டி," என்று உச்சந்தலையில் தட்டிக்கொள்வாள்.

"மூணு நேரமும் நெனைக்காரா? அங்க அவருக்கு வேற வேல இல்லியா?"

சிரிப்போம். ஆனால் அவள் விழுங்கும்போதெல்லாம் நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் தொண்டையையே பார்ப்பேன்.

ஒருவழியாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயிற்று அமிலம் மேலேறலாம், ஆஸ்துமாவாக இருக்கலாம், பக்கவாதத்தால் விழுங்கும் தசை தளர்ந்து உணவு மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம் என்றார். கடைசியது என்றால் நுரையீரலுக்கு ஆபத்து, சீக்கிரம் பரிசோதனைக்கு வாருங்கள் என்றார். கட்டிலின் தலைமாட்டையும் உயர்த்தச் சொன்னார்.

"அத்தான் கிறிஸ்மஸுக்கு வரட்டும் மக்கா, சேந்து போவோம். நெனைக்கியதுக்கெல்லாம் டெஸ்ட் எடுப்பாங்களா?"

நானும் வற்புறுத்தவில்லை. நவம்பரில் காய்ச்சல் வந்தது. நிமோனியா என்றார்கள். ஐந்தாம் நாள் ஜினியின் அழைப்பு வந்தது.

கட்டில் கால்களுக்கு அடியில் வைக்க நான் கொண்டுவந்த இரண்டு செங்கற்களும் அவள் அறை வாசலிலேயே இருக்கின்றன.