நாயைப் பார்த்துக்கோங்க

நாய்க்கடி ஊசி போடுகிற நர்சுக்கு ஊரில் நாயைவிடக் கெட்ட பெயர். எண்பதுகளில், தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நானும் அந்தப் பெயரை வாங்கினேன். அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, நாளுக்கு ஒன்று. நோய் வருமுன் போட்டால் உயிர். வந்துவிட்டால் ஆண்டவனாலும் ஆகாது. இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன சக நர்சுகளே, இது உங்களுக்காக.

பாலும் பொறையும்

இளநீர் வியாபாரி ஏகாம்பரம் அஸ்தினாபுரத்திலிருந்து வந்தார். தெருநாய் ஒன்று கெண்டைக்காலில் லேசாகப் பல் பதித்திருந்தது. நாய் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். "பத்து நாள் நாயைப் பார்த்துக்கோங்க, ஏதாவது ஆச்சுன்னா உடனே ஓடி வாங்க" என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

பத்தாம் நாள் மனிதர் சிரித்த முகத்தோடு வந்து நின்றார். டாக்டர் சொன்னது கண்காணிக்க. இவர் செய்தது பராமரிப்பு. நாயைத் தன் வீட்டு வாசலில் கட்டிப்போட்டு, மறுவீடு வந்த மாப்பிள்ளையைப் போல உபசரித்திருக்கிறார். "சரி, நாய் எப்படி இருக்கு?" என்றேன்.

"பாலு, பொறை எல்லாம் வச்சு நல்லாதான் பாத்துக்கினேன் சிஸ்டர், நாலு நாள் மின்னாடி நுரை தள்ளி செத்துப்பூடுச்சு, இனிமே அது யாரையும் கடிக்காது."

பங்கு

தலையில் அடித்துக்கொண்டு அன்றைக்கே ஊசியை ஆரம்பித்தோம். ஒரு வாரம் ஒழுங்காக வந்தார். எட்டாம் நாள் அவருக்குப் பதில் மனைவி ராணி வந்து, அவருடைய சீட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். பால் வைக்கும்போது அந்த நாய் அவள் விரலையும் பதம் பார்த்திருக்கிறது. இருவரும் மூச்சு விடவில்லை.

கரண்ட் போனால் மருந்து கெட்டுவிடுமே என்று ஃப்ரிட்ஜைத் திறக்கவே பயப்படுகிறவள் நான். எனக்கு ஒவ்வொரு ஊசியும் தங்கம்தான். அதற்காக உயிரைப் பங்கு போட முடியுமா? "உனக்குத் தனியாப் பதினாலு, அவருக்கு இன்னும் ஏழு!" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. ராணிக்கு என்மேல்தான் வருத்தம்.

"கடிச்சது ஒரே நாயிதானே சிஸ்டர், ஆளுக்கு ஏழா பிரிச்சிக்கினா ஆவாதா?"

நாய் வண்டி போன கதை

செத்த நாய் எத்தனை நாய்களைக் கடித்ததோ என்று பயந்து முனிசிபாலிட்டிக்குச் சொல்லி அனுப்பினேன். நாய் வண்டி போனது, வெறுங்கூண்டோடு திரும்பியது. தெருமுனையில் வண்டியைப் பார்த்ததுமே, நேற்றுவரை கல்லெறிந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு நாயின் கழுத்தில் சணலைக் கட்டி உள்ளே இழுத்துக்கொண்டார்களாம். ஒரு அம்மாள் நெற்றியில் பொட்டே வைத்துவிட்டாளாம், நாய்க்கு! வண்டிக்காரர் என்னிடம் வந்து கையை விரித்தார்.

"அங்க தெருநாயே கெடையாது சிஸ்டர், அத்தினியும் வூட்டுப் புள்ளைங்க."

வேர்

ஏகாம்பரத்துக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு தணிகாசலம் வருவார், சைக்கிள் கடைக்காரர். சிநேகிதர் போடும் கூச்சலைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே வருவார். ஏகாம்பரத்தின் கடைசி ஊசியன்றுதான் தணிகாசலத்தின் குதிகாலுக்கு மேலே ஆறிப்போன பல் தடத்தைப் பார்த்தேன். அதே நாய், சாவதற்கு முந்தின நாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டினேன், கெஞ்சினேன், டாக்டரையும் கூப்பிட்டேன். தணிகாசலமோ அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த வேரை எடுத்துக் காட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

"மாடம்பாக்கத்தாண்ட மந்திரிச்சுக் கட்டிக்கினேன், ஒண்ணும் ஆவாது சிஸ்டர்."

ஒரு டம்ளர் தண்ணீர்

இரண்டு மாதம் கழித்து ஏகாம்பரமும் ராணியும் தணிகாசலத்தை ஆட்டோவில் அழைத்துவந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைப் பார்த்ததுமே தொண்டை இழுத்துக்கொண்டது. ஃபேன் காற்று பட்டால் உடம்பு தூக்கிப்போட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

நடுநடுவே புத்தி தெளிவாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. யாரும் சொல்லாமலே கட்டிலில் படுத்து, சட்டையைத் தானே தூக்கிவிட்டுக்கொண்டார்.

"பதினாலையும் இன்னிக்கே போட்டுடுங்க சிஸ்டர், நான் கத்த மாட்டேன்."

வெறிநாய்க்கடிக்கு ஊசி வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, 'ஒண்ணும் ஆவாது' என்கிற வியாதிக்குத்தான் இன்னும் வந்தபாடில்லை.