மச்சான் பார்த்துச் சொன்ன சுருட்டு

நான் வேலை பார்ப்பது இராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி அனுப்பும் ஒரு கம்பெனியில். போன வருடம் துணி பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், புறப்படும்போது என் கையில் மெல்லிய மரப்பெட்டி ஒன்றைக் கொடுத்தார். உள்ளே ஒரே ஒரு சுருட்டு. அவர்கள் ஊரில் விசேஷ நாளில் மட்டும்தான் இதைப் பிடிப்பார்களாம். எனக்குப் புகை என்றாலே ஆகாது. மறுக்கவும் கூச்சமாக இருந்தது. வாங்கி வந்து பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அது என் மனைவியின் கண்ணில் பட்டது.

"இத எங்க அண்ணனுக்குக் குடுக்கலாம்லா?" என்றாள்.

அவளுடைய அண்ணனும் நானும் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. மச்சான் விசைத்தறி ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாளுக்கு இரண்டு நாட்டுச் சுருட்டு இல்லாமல் முடியாது அவருக்கு. எங்கள் மகள் கல்யாணத்தில், மண்டப வாசலில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் நிற்கும்போது, "இந்த நாத்தத்தோட உள்ள வராதிய மச்சான்" என்று சொல்லிவிட்டேன். அவர் சாப்பிடாமலே தன் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிவிட்டார். அதன் பிறகு தங்கையோடு போனில் பேசுவதோடு சரி. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நானும் பலமுறை நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமலே நாள் ஓடிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் கிளம்பிப் போனோம். மச்சான் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க" என்றார், தங்கையை மட்டும் பார்த்து.

நான் பெட்டியை நீட்டினேன். "ஒருத்தர் குடுத்தாரு. நல்லதா கெட்டதான்னு எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அவர் பெட்டியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு வாங்கித் திறந்தார். திறந்ததும் மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுருட்டை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினார்.

"மேல் இலையப் பாருங்க மாப்ளே. எங்கயாவது நரம்பு தெரியுதா? எண்ணெ தடவுன மாதிரி இருக்கு."

மாப்ளே என்று அவர் வாயில் வந்ததும் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். எங்கும் கட்டியும் இல்லை, பள்ளமும் இல்லை என்றார். மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

"பீரோவுலயா வச்சிருந்திய?"

"எப்படித் தெரியும்?"

"பாச்சை உருண்டை வாசம்லா அடிக்கி!"

காபி கொண்டு வந்த அக்கா, அவர் வீட்டுக்காரி, சிரித்துவிட்டார். மச்சானும் சிரித்தார்.

பிளேடால் நுனியை மெல்லிதாகச் சீவினார். பற்ற வைக்காமலே ஒரு தடவை இழுத்தார். "காத்துத் தடையில்லாம வருது. சுத்துனவன் கை சுத்தமான கை." பிறகு தீக்குச்சிச் சுடர் இலையில் படாமல், சற்றுத் தள்ளிப் பிடித்து, சுருட்டை உருட்டி உருட்டி அடியைச் சுட வைத்தார். முதல் புகையை வாயிலேயே வைத்திருந்து வெளியே விட்டார்.

"மொதல்ல மொளகு. பொறவு வறுத்த காப்பிக்கொட்டை. இருங்க, இன்னும் இருக்கு."

வெள்ளைச் சாம்பல் ஒரு விரற்கடை நீளத்துக்கு உதிராமல் நின்றது. பாதி எரிந்ததும், "இப்ப லேசா இனிக்கி. கருப்பட்டி பாகு அடிப்பிடிச்ச மாதிரி" என்று என்னிடம் நீட்டினார். "நெஞ்சுக்குள்ள இழுக்காதிய. வாயில வச்சு விட்ருங்க."

இழுத்தேன். இருமினேன். கசப்புக்குப் பின்னால் அவர் சொன்ன அந்த இனிப்பு நாக்கில் தட்டியது. கண்ணில் நீர் வந்திருந்தது. அந்தச் சாக்கிலேயே சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு மண்டபத்துல அப்படிப் பேசியிருக்கக் கூடாது மச்சான். தப்பு என் மேலதான்."

அவர் சாம்பலைத் தட்டினார். "அம்புட்டுப் பேரு முன்னால சொல்லிட்டியளேன்னுதான். தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா, வாயக் கொப்பளிச்சிட்டு வந்திருப்பேன்லா."

"ஆமா மச்சான்."

"சரி, விடுங்க."

மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மிச்சச் சுருட்டை அவர் நசுக்கவில்லை. தானாக அணையட்டும் என்று ஒரு தட்டில் வைத்தார்.

"வாசத்துல நம்ம சுருட்டு இதுகிட்ட நிக்காது. ஆனா காரம் பத்தாது. தெனமும் பிடிக்க எனக்கு மம்சாபுரத்துக் கடைச் சரக்குதான்" என்று தீர்ப்பையும் சொன்னார்.

அக்கா சாப்பிடாமல் விடவில்லை. தோசை முடிந்து கிளம்பும்போது, பேத்தி எப்போது ஊரிலிருந்து வருகிறாள் என்று மச்சான் கேட்டார். என் மகளின் குழந்தையை அவர் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தார். அடுத்த வாரம் வருகிறாள் என்றேன். அவள் வந்ததும் மச்சானும் அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தை முதலில் அவரைக் கண்டு அழுதாள். மத்தியானத்துக்குள் அவர் தோளிலேயே தூங்கிப்போனாள்.